அறுநூறு புத்தகமும் நூற்றைம்பது நிமிடமும்: ஸ்டோரிகிராஃப் செயலி மதிப்புரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் புத்தகம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஸ்டோரிகிராஃப் நல்ல செயலி. விளம்பரம் இல்லை, இலவசத் திட்டமே போதும். ஆனால் 'படிக்க வேண்டியவை' பட்டியல் இருநூறைத் தாண்டியிருந்து, அதில் பாதிக்கு மேல் தமிழ் நூல்கள் என்றால், பட்டியல் முழுவதையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். பட்டியல் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கட்டும். அடுத்து எடுக்கப்போகும் ஐந்து புத்தகங்கள் மட்டும் செயலியில் இருக்கட்டும். நடைக்கும் உடற்பயிற்சிக்கும் போனில் ஏற்கெனவே இருக்கும் செயலியே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பது நிமிடக் கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டால் செயலி எதுவானாலும் வேலை நடக்கும். புதுச்சேரி, கடலூர் வாசகர்களை மனதில் வைத்து எழுதியது இது. நம் நூலகம், நம் கடற்கரை, நம் மழைமாதங்கள் மூன்றும் இந்தக் கணக்கில் கைவைப்பவை.

பட்டியல் ஏன் கரைவதில்லை

ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. மூன்று வெவ்வேறு நாள்களில், மூன்று வகைப் புத்தகங்களை, பதினைந்து பதினைந்து நிமிடம் வாசித்து எத்தனை பக்கம் நகர்ந்தது என்று எண்ணுங்கள். மூன்றின் சராசரி பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 40 பக்கம். 300 பக்க நாவலுக்கு ஏழரை மணி நேரம்.

தினமும் அரை மணி நேரம் வாசித்தால் நாளுக்கு 20 பக்கம், ஆண்டுக்கு 7,300 பக்கம். 300 பக்கப் புத்தகங்களாகப் பார்த்தால் 24. பட்டியலில் 600 இருந்தால், இன்று முதல் ஒன்றுகூடச் சேர்க்காமல் இருந்தாலும் 25 ஆண்டு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, பிறகு நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி, நண்பர்களின் பரிந்துரை என்று ஆண்டுக்கு முப்பது சேர்ந்தாலே பட்டியல் வளரத்தான் செய்யும்.

அதனால் பட்டியலை முடிப்பதை இலக்காக வைக்கக் கூடாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் எந்தச் செயலிக்கு மாறினாலும் பயனில்லை. பட்டியல் என்பது நமக்கு நாமே வைத்துக்கொண்டிருக்கும் நூலகம். நூலகத்துக்குள் போகிற யாரும் எல்லா அலமாரியையும் முடித்துவிட்டு வர நினைப்பதில்லை. இலக்கு வைக்க வேண்டியது தினசரி அரை மணிக்கு. அதை மட்டும்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும்.

செயலி எதில் கெட்டி

வாசித்த நூல்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் தளமான குட்ரீட்ஸ் 2007 முதல் இருக்கிறது, 2013 முதல் அமேசானுடையது. தமிழ் நூல்களுக்கான வாசகர் குறிப்புகள் அங்கேதான் அதிகம். அந்த ஒரு காரணத்துக்காகக் கணக்கை மூட வேண்டாம். அன்றாடப் பதிவுக்கு மட்டும் ஸ்டோரிகிராஃப் மேல். 2019இல் நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் வெளியிட்ட செயலி இது.

மேல் என்று சொல்லக் காரணங்கள் உண்டு. குட்ரீட்ஸில் நட்சத்திரம் முழு எண்ணில்தான். இதில் கால் கால் நட்சத்திரமாகக் கொடுக்கலாம். மூன்றுக்கும் மூன்றே முக்காலுக்கும் உள்ள வித்தியாசம், மறுவாசிப்புக்கு எடுக்கும்போதுதான் தெரியும். பாதியில் விட்ட நூலுக்கென்று தனி நிலை உண்டு. எந்தப் பக்கத்தில் விட்டோம் என்பதும் பதிவாகிறது, அந்தப் பக்கங்கள் ஆண்டுக் கணக்கிலும் சேர்கின்றன. ஒரு நூலைக் கைவிடலாமா என்று தயங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி: 120 பக்கம் வாசித்தது வீணாகவில்லை.

ஆனால் இதன் உண்மையான பலம், இலக்கைப் புத்தக எண்ணிக்கையில் மட்டுமல்லாமல் பக்கத்திலும் மணியிலும் வைக்க முடிவது. புத்தக எண்ணிக்கை இலக்கு வாசிப்பைக் கோணலாக்கிவிடும். ஆண்டுக்கு 50 என்று வைத்தவர் செப்டம்பரில் பின்தங்கியிருந்தால், கை தானாக 90 பக்கக் குறுநாவலுக்குப் போகும். 800 பக்க நாவல் அலமாரியிலேயே தங்கிவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பாகங்களாக வரும் சரித்திர நாவலை ஒரே கட்டாக வாங்கினால் ஒன்று, தனித்தனியாக வாங்கினால் ஐந்து. வாசித்த எழுத்து ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் ஐந்து மடங்கு.

பக்க இலக்கில் இந்தக் கோளாறு இல்லை. மேலே போட்ட கணக்குப்படி 7,300 என்று வையுங்கள். அது 'தினம் அரை மணி' என்பதன் மறுபெயர்தான். ஒலிநூல் கேட்பவர்கள் அதற்குத் தனியாக மணி இலக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பதிய வேண்டாம். ஆண்டு முடிவில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகும்.

கட்டணத் திட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 டாலர், அதாவது 4,000 ரூபாய்க்கு மேல். கூடுதல் வரைபடங்களும் ஒப்பீடுகளும் அதில் கிடைக்கும். அதே பணத்துக்கு 300 ரூபாய்த் தமிழ்ப் புத்தகம் பதிமூன்று வாங்கலாம். நம் தேவைக்கு இலவசமே போதுமானது.

குட்ரீட்ஸிலிருந்து மாற்றும்போது

குட்ரீட்ஸ் போன் செயலியில் இதைத் தேட வேண்டாம்; இணையதளத்தை உலாவியில் திறக்க வேண்டும். 'மை புக்ஸ்' பக்கத்தில் இடப்பக்கம் கீழே 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' இருக்கும். எக்ஸ்போர்ட் அழுத்தினால் பட்டியலின் நீளத்தைப் பொறுத்துச் சில நிமிடத்தில் சி.எஸ்.வி. கோப்பு (விரிதாளில் திறக்கக்கூடிய பட்டியல்) தயாராகும். அதை ஸ்டோரிகிராஃப் கணக்கு அமைப்புகளில் 'குட்ரீட்ஸ் இம்போர்ட்' பகுதியில் ஏற்ற வேண்டும்.

ஏற்றும் முன் கோப்பில் எத்தனை வரி இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு செயலி காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், விடுபட்டவை பெரும்பாலும் ஐ.எஸ்.பி.என். (நூலின் சர்வதேச அடையாள எண்) இல்லாத தமிழ் நூல்களாகத்தான் இருக்கும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் குட்ரீட்ஸ் கணக்கையும் கோப்பையும் அழித்துவிட்டால் அந்தத் தலைப்புகளைத் திரும்பப் பெற வழியில்லை.

இன்னொன்று: அந்தக் கோப்பில் நூலை முடித்த தேதி வரும், தொடங்கிய தேதி வராது. எத்தனை நாளில் முடித்தோம் என்ற பழைய கணக்கு இந்த மாற்றத்தில் போய்விடும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

அதே கோப்பை எக்ஸெல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்த் தலைப்பெல்லாம் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. எக்ஸெல் அதை யுனிகோடாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகப் போய் யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து சரியாகும். அந்தக் குழப்பமான நிலையிலேயே சேமித்துவிட்டால்தான் ஆபத்து. கூகுள் ஷீட்டில் திறந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கோப்பில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு முன்னால் சமக்குறியும், சுற்றி மேற்கோள் குறியும் இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். 13 இலக்க எண்ணை விரிதாள் சுருக்கி 9.78 என்று மாற்றிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நீங்களாக எண்ணைத் தட்டும்போதும், அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'ப்ளெயின் டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். பழைய ஆங்கில நூல்கள் பலவற்றின் பத்து இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக எடுத்துக்கொண்டால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும்.

தமிழ்த் தலைப்பும் தேடல் பெட்டியும்

செயலியின் பலவீனம் இங்கேதான். நூலின் மனநிலை, வேகம் ஆகியவற்றை வைத்துப் புத்தகம் தேர்ந்தெடுத்துத் தருவது ஸ்டோரிகிராஃபின் பெருமை. அந்தத் தகவல் வாசகர்கள் நிரப்பும் குறிப்பிலிருந்து வருகிறது. தமிழ் நூல் பலவற்றுக்கு அந்தக் குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை, அதனால் வடிகட்டினால் அவை வெளியே நின்றுவிடுகின்றன. 600 நூல் பட்டியலில் 'மெதுவான, சிந்தனையைத் தூண்டும்' என்று வடிகட்டினால் ஆங்கில நூல்களாகவே வருவது இதனால்தான். தமிழ் நூலை முடித்ததும் மனநிலை, வேகம் இரண்டையும் நிரப்பிவிட்டுப் போவது அடுத்த வாசகருக்குச் செய்யும் உதவி. அரை நிமிட வேலைதான்.

தேடலில் ஒரே நூல் இரண்டு மூன்று பதிவாக நிற்கும்: தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழ்த் தலைப்பு ஒன்று, முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்த ஆசிரியர் பெயரில் ஒன்று, வைக்காததில் ஒன்று. நீங்கள் தேர்ந்தெடுத்த பதிவில் பக்க எண்ணிக்கை பூஜ்யமாகவோ வேறு பதிப்பினுடையதாகவோ இருந்தால் பக்க இலக்கு அங்கேயே உடையும். அதனால் தலைப்பைத் தட்டுவதை விட்டுவிட்டு, பின்னட்டைப் பட்டைக்குறியை ஸ்கேன் செய்வதே முதல் வழி. இந்திய நூல்கள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ஸ்கேன் எடுபடாவிட்டால் உரிமைப் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைத் தட்டலாம். எண்ணே இல்லாத பழைய பதிப்பு, சிறு வெளியீடு என்றால் கையால் சேர்க்க வேண்டியதுதான்: தலைப்பு, ஆசிரியர், பக்கம், மொழி என நான்கு விவரம் போதும்.

எழுத்துச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 'ஸ்ரீ' என்ற எழுத்து யுனிகோடில் இரண்டு விதமாக உள்ளீடு செய்யப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. புதுச்சேரி வாசகருக்கு இது அடிக்கடி நேரும், ஏனென்றால் அரவிந்தர் தொடர்பான தமிழ் நூல் பலவற்றில் அந்த எழுத்து உண்டு. 'அரவிந்த' என்று மட்டும் தேடினால் இரு வகையும் வந்துவிடும். ஔவையாரின் 'ஔ' இதே போலத்தான். பலர் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். 'வையார்' என்று தேடுங்கள்.

பட்டியலை வைக்க வேண்டிய இடம்

கூகுள் ஷீட்டில் ஏழு நெடுவரிசை: தலைப்பு, ஆசிரியர், பக்கம், எங்கே கிடைக்கும், ஏன் சேர்த்தோம், சேர்த்த தேதி, நிலை. இதற்கு மேல் சேர்த்தால் நிரப்ப மாட்டீர்கள். நிரப்பாத நெடுவரிசை பட்டியலையே வெறுக்க வைக்கும்.

இவற்றில் உயிரானது 'ஏன் சேர்த்தோம்'. 'நல்ல நாவல்' என்று எழுதினால் பயனில்லை. 'பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரி வாழ்க்கை', 'உப்பளத் தொழிலாளர் பற்றி', 'மாமா இரண்டு முறை சொன்னார்' என்று எழுதினால் இரண்டு ஆண்டு கழித்தும் அந்த ஆசை திரும்ப எழும். எழுதாத வரிகளைப் பார்த்தால் எதற்குச் சேர்த்தோம் என்றே நினைவிருக்காது.

'எங்கே' என்பதில் நான்கே சொற்கள்: வீடு, நூலகம், இணையம், வாங்கணும். பாரதி பூங்கா அருகே 1827 முதல் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கோ, கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கோ போகும்போது 'நூலகம்' என்று வடிகட்டிய பட்டியலோடு போங்கள். அலமாரி முன் நின்று நினைவுபடுத்திக்கொள்ளும் நேரம் மிச்சமாகும். அங்கே இல்லை என்று தெரிந்தால் அப்போதே 'வாங்கணும்' என்று மாற்றிவிடுங்கள், அடுத்த முறையும் அதையே தேட வேண்டாம். 'வாங்கணும்' என்று போடும் முன் இணையத்தில் ஒருமுறை பாருங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழந்தமிழ் நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வாசிக்கும்போது, கோப்பின் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் பொருந்தாது. முன்னுரைப் பக்கங்கள் இடையில் புகுந்திருக்கும். செயலியில் பக்கத்துக்குப் பதில் சதவீதத்தில் பதியுங்கள். கிண்டிலில் பக்க எண் இல்லாத தமிழ் மின்னூலுக்கும் இதே வழிதான்.

வீட்டில் உள்ள நூலுக்கு எந்தத் தட்டு என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, தாழ்வான பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி எச்சரிக்கை வரும் நாளில், கீழ்த்தட்டில் என்னென்ன இருக்கின்றன என்று போனில் பார்த்து, மறுபடி கிடைக்காததை முதலில் மேலே ஏற்றலாம்.

ஷீட்டை 'ஆஃப்லைனில் கிடைக்கும்படி' அமைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியல் முன் குனிந்திருக்கும்போது, வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பது ஐந்து விநாடியில் தெரிய வேண்டும். நெட் வரட்டும் என்று காத்திருந்தால் புத்தகம் பக்கத்தில் நிற்பவர் கைக்குப் போய்விடும்.

களையெடுப்பு

600 வரிகளை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், முடிவெடுக்கும் திறன் தேய்ந்துவிடும். 200 வரியாக மூன்று அமர்வு. ஒரு வரிக்கு 20 விநாடி என்றால் ஒரு அமர்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

முதலில் 'டேட்டா க்ளீனப்' பகுதியில் வெற்றிடங்களை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். தலைப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெற்றிடம்கூட இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க விடாது. அடுத்து இரட்டை நீக்கும் கட்டளை. அதன் பிறகு ஆசிரியர் பெயரில் அகரவரிசைப்படுத்திக் கண்ணால் ஓட்டுங்கள். எழுத்து மாறிய இரட்டைகளை இயந்திரம் பிடிக்காது, கண் பிடிக்கும்.

பிறகு ஒரே விதி. சேர்த்து இரண்டு ஆண்டு கடந்திருந்து, 'ஏன்' என்ற இடமும் காலியாக இருந்து, இப்போது யோசித்தும் ஒரு காரணம் எழுத வராவிட்டால், அந்த வரி 'கிடங்கு' என்ற தனித் தாளுக்குப் போகட்டும். அழிக்க வேண்டாம். அழித்தால் மனம் ஒப்பாது, அடுத்த வாரம் மறுபடி சேர்ப்பீர்கள். கிடங்கில் இருந்தால் தேடினால் கிடைக்கும், கண்ணை உறுத்தாது.

மீதியிலிருந்து ஐந்தைச் செயலியின் 'அப் நெக்ஸ்ட்' வரிசைக்கு ஏற்றுங்கள். அந்த வரிசை ஐந்தோடு நிற்பது பலருக்குக் குறையாகப் படுகிறது. நல்ல ஏற்பாடு என்பதே இங்கே சொல்ல வருவது. ஐந்தும் ஒரே எடையில் வேண்டாம். நூலகத்துக்குத் திருப்ப வேண்டியது ஒன்று, தடியானது ஒன்று, 150 பக்கத்துக்குள் ஒன்று, மின்னூல் ஒன்று, கவிதையோ கட்டுரையோ ஒன்று. அலைச்சலான நாளில் தடியானதைத் திறக்க மனம் வராது. சின்னதும் இல்லையென்றால் அன்று வாசிப்பே இருக்காது.

நடைக்கும் அதே அளவுகோல்

பத்தாயிரம் காலடி என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிமானியின் பெயரிலிருந்து வந்தது. 'மான்போ-கெய்' என்றால் பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. இந்த இரண்டாவது பகுதியைக் காலடிச் செயலி கண்டுகொள்ளாது, நாமாகத்தான் குறிக்க வேண்டும்.

மிதமான உழைப்பு என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். நம் கடற்கரைச் சாலை சுமார் 1.2 கி.மீ. ஒருமுறை போய்த் திரும்பினால் 2.4 கி.மீ.; மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 29 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் இப்படி ஒரு சுற்று என்றால் 145 நிமிடம், கிட்டத்தட்ட இலக்கே வந்துவிடுகிறது. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்துக்குள் முடித்துக்கொண்டால் வேகம் குறையாமல் நடக்கலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் நடக்கிறவர்கள் காலடியை நம்ப வேண்டாம். மணலில் அடி சுருங்கும், உழைப்பு கூடும். அங்கேயும் நிமிடம்தான் சரியான அளவு.

போன் செயலி காலடியைத் தவறவிடக் காரணங்கள் சிலவே. உடல் அசைவுக்கான அனுமதி கொடுக்கப்பட்டிருக்காது. பேட்டரி சேமிப்பு அமைப்பு, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்தியிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். போன் கையிலோ சட்டைப் பையிலோ இல்லாமல் சைக்கிள் கூடையில் இருந்திருக்கும். கைக்கடிகாரமும் போனும் இரண்டும் எண்ணினால் ஒரே நடை இருமுறை விழலாம். ஆண்ட்ராய்டில் 'ஹெல்த் கனெக்ட்' அமைப்பில் எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தினால் சரியாகும்.

ஸ்டோரிகிராஃப் நடைச் செயலியோடு பேசாது. பரவாயில்லை. ஷீட்டில் இரண்டாவது தாள் திறந்து, வாரத்துக்கு ஒரு வரி: தேதி, வாசித்த பக்கம், கேட்ட நிமிடம், நடந்த நிமிடம், தசைப் பயிற்சி நாள். ஞாயிறு இரவு ஐந்து நிமிட வேலை. தினமும் பதிய முயன்றால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள்.

நடந்துகொண்டே ஒலிநூல் கேட்டால் இரண்டு இடத்திலும் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், இரண்டும் நடந்ததுதானே. ஆனால் ஒரு காதில் மட்டும் போடுங்கள். கடற்கரைச் சாலையை விட்டு உள் வீதிக்குத் திரும்பியதும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். மாலைக் காற்று பலமாக இருந்தால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாமல் நிறுத்திவிடுங்கள். காதுக்கும் நல்லதல்ல, நூலும் மண்டையில் ஏறாது. கவிதையும் தத்துவமும் நடக்கும்போது நிற்பதில்லை. கதையும் வரலாறும் நன்றாக நிற்கும்.

மாதத்துக்கு மாதம் வேறு

ஆண்டு இலக்கைச் செயலி 365 சம பங்காகப் பிரித்து, 'பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று காட்டும். நம் ஊர் ஆண்டு அப்படிச் சமமாக இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை. காலை நடை வாரத்தில் இரண்டு நாள் அமைந்தாலே பெரிது. அந்த வாரங்களில் நடை இலக்கை 90 நிமிடமாகக் குறைத்து, தசைப் பயிற்சியை மூன்று நாளாக்கி, வாசிப்பை நாளுக்கு 30 பக்கமாக உயர்த்துங்கள். அக்னி நட்சத்திரத்தில் விடியல் சீக்கிரம். ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், நடையை முன்னுக்குத் தள்ளலாம். ஜனவரியில் புதுப் புத்தகம் வந்து இறங்கும் மாதம், பட்டியல் வீங்கும். அப்போது புதிய நூல் ஒன்று 'அப் நெக்ஸ்ட்' வரிசைக்குள் போக வேண்டுமானால், இருப்பதில் ஒன்று வெளியே வந்தாக வேண்டும்.

செயலியின் தொடர்நாள் எண்ணிக்கையை அணைத்துவைப்பதே நல்லது. காய்ச்சலில் ஒருநாள் விட்டால் 140 நாள் கணக்கு பூஜ்யமாகும், அந்தச் சோர்வில் வாசிப்பே நிற்கும். வார வரியில் ஒருநாள் விட்டது ஏழில் ஒரு பங்காக மட்டுமே தெரியும்.

கடைசியாக, மாதத்தின் முதல் நாள் ஸ்டோரிகிராஃபிலிருந்தும் ஒரு சி.எஸ்.வி. எடுத்துவையுங்கள், கணக்கு அமைப்பில் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறது. கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் கோப்புகள் தானாக ஒழுங்காக அடுக்கப்படும். மூன்று மாதக் கோப்பு கையில் இருந்தால் போதும், அதற்கு முந்தையதை அழித்துவிடலாம்.